கல்யாணப் பத்திரிகைகளை ஆராய்ந்த மகளுக்கு

பாப்பா,

காலையில் உன்னை ஜங்ஷனில் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டு நேராக நம் டி.டி.பி. கடைக்கு வந்துவிட்டேன். உன் அப்பா இன்றைக்கு லீவு சொல்லியிருந்தார். ஆனால் ரயில் கண்ணை விட்டு மறைந்ததும், சூளையில் லோடு இறக்குகிற நாள், ஆள் பத்தாது என்று சொல்லிவிட்டுப் பீங்கான் கம்பெனிப் பக்கம் சைக்கிளைத் திருப்பிவிட்டார். நீ இல்லாத வீட்டில் பட்டப்பகலில் போய் உட்கார அவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடையில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா அழைப்பிதழ் காத்துக் கிடக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு இதை அடிக்க உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை அடித்தே பழகிய கை. சொந்தமாக நாலு வரி அடிக்கலாம் என்றால் முதல் வார்த்தையே ‘பேரன்புடையீர்’ என்று வந்து நிற்கிறது. அழித்துவிட்டு ‘பாப்பா’ என்று அடித்தேன்.

இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. பேர் சொன்னால் யாருக்கும் புரியாத ஒரு படிப்புக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, விசேஷ வீடுகளில் பதில் சொல்ல முடியாமல் விழிக்கிற அம்மாக்கள் இன்னும் எங்காவது இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பயமாகத்தான் இருக்கும், ஆனால் போகப் போகச் சரியாகிவிடும். எனக்குச் சரியாகிவிட்டது. நேற்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். நீ வேலைக்காக ஊரை விட்டுப் போகிற நாளுக்கு முந்தைய ராத்திரி இப்படித் தூங்குவேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீ இங்கே தமிழ் படித்து முடித்தபோது, அடுத்து பி.எட். சேர்வாய், பக்கத்தில் ஏதாவது ஒரு ஸ்கூலில் வேலை கிடைக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நானும் உன் அப்பாவும் முடிவே செய்து வைத்திருந்தோம். நீ வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தாய். அங்கே கம்ப்யூட்டரில் தமிழ் நூல்களை ஏற்றித் தேடுவதற்கு ஒரு பாடம் இருக்கிறது என்றாய். அதுவே பிடித்துப்போய் எம்.ஃபில்லும் அதில்தான் என்றாய். யாராவது என்ன படிக்கிறாள் என்று கேட்டால் தமிழ் என்பேன். அப்படியா, டீச்சர் வேலையா என்பார்கள். இல்லை, கம்ப்யூட்டர் என்பேன். அப்படியா, இன்ஜினியரா என்பார்கள். இரண்டும் இல்லை என்று சொல்லத் தெரியுமே தவிர, எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் உன்னிடமே கேட்டேன். ஒரு ஊர் முழுக்கப் பேசினதையும் எழுதினதையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்து, அதைக் கேள்வி கேட்கிற படிப்பு என்றாய். எனக்கு அது கொஞ்சம் புரிந்தது. கேள்வி கேட்டால் பதிலும் வரும், அதோடு சண்டையும் வரும் என்பது அப்போது தெரியவில்லை.

எம்.ஃபில் ஆரம்பித்த முதல் விடுமுறையில் வந்தபோது, பையைக்கூட இறக்கி வைக்காமல் கடை அலமாரியைத் திறந்தாய். பழைய ஃப்ளாப்பிகளெல்லாம் இருக்கிறதா என்று கேட்டாய். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் பழைய இலக்கியங்களை எடுத்துக்கொண்டார்கள், உனக்கு நம் கடைதான் வேண்டும் என்றாய். நான் சிரித்தேன். நம் கடையில் என்ன இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா, கருமாதிப் பத்திரிகை, கடைத் திறப்பு விழா நோட்டீஸ். அதைத்தான் கேட்கிறேன் என்றாய். இந்தத் தாலுக்காவில் முக்கால்வாசிக் குடும்பம் தன்னைப் பற்றி அச்சில் போட்டது அந்த ஒரு தாள்தான், அதை யாரும் படிப்பதில்லை என்றாய். மிட்டாய் டப்பாக்களில் போட்டு வைத்திருந்த ஃப்ளாப்பிகளையும் சி.டி.க்களையும் அப்படியே தூக்கிக் கொடுத்தேன். அவற்றில் இருப்பவை யாருடைய பெயர்கள் என்று நானும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை.

முதல் வாரமே போன் செய்தாய். அங்கே திறந்தால் ஒரு எழுத்து தமிழ் இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது என்றாய். நம் கடையில் நான் அடித்ததெல்லாம் பழைய ஃபான்ட். அந்த ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழாகத் தெரியும். உனக்கு எல்லாம், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடில் வேண்டும். அதற்கு நீயே ஒரு புரோகிராம் எழுதினாய். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று நான் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். ‘கொ’ என்பதற்கு நான் கொம்பு ஒரு சாவி, ககரம் ஒரு சாவி, கால் ஒரு சாவி என்று மூன்று முறை தட்டுவேன். கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதும், டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம். யுனிகோடுக்கு அது போதாதாம், மெய் முன்னால் வர வேண்டுமாம், கொம்பு பின்னால் வர வேண்டுமாம். அதையும் சரிசெய்தாய். அப்புறமும் ஒரு கோளாறு. நான் அவசரத்தில் பல இடங்களில் காலுக்குப் பதிலாக ‘ர’ அடித்து வைத்திருக்கிறேன். தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஏமாறவில்லை. இந்த வட்டாரத்துத் தாய்மாமன்கள் பாதிப் பேர் உன் திரையில் ‘தரய்மரமன்’ ஆகிவிட்டார்கள். நீ அதைப் போனில் படித்துக் காட்டியபோது உன் அப்பா சோற்றுக் கையோடு சிரித்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் நீ வரும்போதெல்லாம் நான் அடித்ததும் நீ மாற்றியதும் சரிதானா என்று இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். நான் சரி என்று விட்டதில் நீ தப்புக் கண்டுபிடித்தாய், நீ விட்டதில் நான் கண்டுபிடித்தேன். அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

எல்லாம் தமிழாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் நீ எனக்கு ஒன்று காட்டினாய். ‘திருமதி’ என்று அடித்துத் தேடினாய். எல்லாப் பத்திரிகையிலிருந்தும் அந்த வார்த்தை வரும் வரிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. நடுவில் ‘திருமதி’ ஒரே நேர்க்கோட்டில் இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொன்றையும் நான்தான் அடித்திருக்கிறேன், ஆனால் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு நாம் பார்த்தவரை எந்த இடத்திலும் அம்மா பெயர் முதலில் இல்லை. அப்பா பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. அம்மா பெயரே வராத பத்திரிகைகளும் உண்டு என்றாய். நீ ஒரு பத்திரிகையைத் திறந்தாய். மணமகளின் அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று இருந்தது. பெரியப்பா பெயர் இருந்தது, சித்தப்பா பெயர் இருந்தது, பெற்றவள் பெயர் இல்லை.

"இவங்க அம்மாவும் எறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாய்.

"இல்ல பாப்பா. புரூஃப் பாக்க அவங்கதான் வந்தாங்க" என்றேன்.

அவள் வந்தது எனக்கு அப்படியே நினைவு வந்தது. எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று புருஷனின் அண்ணன் தம்பி பெயர்களையெல்லாம் விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். தன் பெயர் ஏன் இல்லை என்று அவளும் கேட்கவில்லை. நான் கேட்டால் வாடிக்கை கெடும் என்று நானும் கேட்கவில்லை. நீ ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். இவள் எதையோ கண்டுபிடிக்கப் போகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அம்மா பெயர் முதலில் இருந்தது, அப்பா பெயர் அடுத்து. பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு ஊர். அந்தப் பெண் எம்.எஸ்சி. படித்தவள். அவளே கடைக்கு வந்து, அப்படித்தான் போட வேண்டும் என்று சொன்னது எனக்கு லேசாக நினைவிருந்தது. அப்படிப் போடுவது வழக்கமில்லையே என்றேன், போடுங்கக்கா என்றாள், போட்டேன். உனக்கு அது கிடைத்ததும் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பத்திரிகையை முழுசாக, பேரும் ஊருமாகப் பெரிய திரையில் காட்டினாய். எல்லாரும் கைதட்டினார்கள் என்று போனில் சொன்னாய். நானும் உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

சில நாள் கழித்து ஒரு காலை நேரம், நான் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வயலிலிருந்து நேராகப் பஸ் ஏறியவர்போல வேட்டி ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். அவர்தான் அந்தப் பெண்ணின் அப்பா.

"எம் பொண்ணு பேர எதுக்கும்மா காலேஜில படம் போட்டுக் காட்டுனீங்க?" என்றார். "நின்னு போன கல்யாணம்மா அது. நாங்க மறக்கணும்னு இருக்கறோம்."

பத்திரிகை அடித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். எந்தக் கல்யாணம் நடந்தது, எது நின்றது என்று எனக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? உன் கணக்கிலும் அது நடந்த கல்யாணமாகத்தான் இருந்தது. கருத்தரங்கில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு வாத்தியாருக்கு அவர்கள் குடும்பத்தைத் தெரிந்திருக்கிறது. அவர் ஒருவரிடம் சொல்ல, அது ஊருக்கு வந்து சேரும்போது இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. பெண்ணுக்கு இப்போது வேறு ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். இது அவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர் என்னைக் கேட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கத்தவில்லை. போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

ஹாஸ்டலுக்குப் போன் செய்து உன்னிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றாய், முகம் வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், படிப்பும் வேண்டாம், பி.எட். சேர்ந்துவிடுகிறேன் என்றாய். அழித்துவிடு என்றுதான் நானும் சொன்னேன். சி.டி.க்களையெல்லாம் எடுத்து ஒடித்துப் போட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. தாலுக்கா முழுக்க என்னை நம்பித்தான் வீட்டு விசேஷங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இனி யார் வருவார்கள் என்று எனக்கு ஒரு பக்கம் பயம். உன் படிப்பு போய்விடும் என்று மறு பக்கம் பயம். இரண்டில் எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து, கை முழுக்க வெள்ளைக் களிமண் தூசியோடு வந்தார். நாம் இரண்டு பேரும் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அழிச்சா அவங்களுக்கு என்னா ஆவப்போவுது?" என்றார். "மொதல்ல அங்க போயி நில்லுங்க. நானும் வரேன்."

அவர் வாழ்நாளில் உன் படிப்பைப் பற்றிச் சொன்ன ஒரே யோசனை அதுதான். அதைவிட நல்ல யோசனை உனக்கு உன் புரொபசர்கள்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை, மூன்று பேரும் பஸ் ஏறினோம். போகிற வழியெல்லாம் நீ ஜன்னல் பக்கம் திரும்பி, என்ன சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாய். அந்தப் பெரியவர் வீட்டில் இல்லை, வயலுக்குப் போயிருந்தார். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அவளைப் பற்றி இங்கே எழுதலாமா என்று போன வாரம் அவளிடமே கேட்டுவிட்டேன். எழுதுங்க, பேரையும் ஊரையும் மட்டும் போடாதீங்க என்றாள். அதனால் பெண் என்றே எழுதுகிறேன். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். சனிக்கிழமை என்பதால் முன் அறையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். நாம் யார் என்று சொன்னதும் எழுந்து, தாள்களை ஒதுக்கி, உட்காரச் சொன்னாள். நீ உட்காரவில்லை.

"தப்பு என்னுதுங்க. உங்கள ஒரு வார்த்த கேக்காம செஞ்சிட்டேன்" என்றாய். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த மற்றதெல்லாம் உனக்கு மறந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவளோ, திரையில் என்ன காட்டினீர்கள், அதைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நீ திக்கித் திக்கிச் சொன்னாய். எல்லாப் பத்திரிகையிலும் அம்மா பெயர் எங்கே வருகிறது என்று தேடினாய், இவள் பத்திரிகை ஒன்றில் மட்டும்தான் அது முதலில் இருந்தது, அதைத்தான் காட்டினாய் என்று சொன்னாய். அவள் அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நான் சண்ட போட்டுப் போட்டது" என்றாள் அந்தப் பெண். "அந்த மாப்புள வூட்டுல அதப் பாத்துதான் மொத மொதல்ல மொகம் சுளிச்சாங்க. எங்க ஊர்லயும் ஒருத்தரும் அதக் கண்டுக்கல. எங்கயோ உக்காந்து நீங்க கண்டுக்கிட்டீங்க." அப்புறம் குரலை மாற்றாமலே, "ஆனா கேட்டிருக்கணுங்க. கேட்டிருந்தா, பேர எடுத்துட்டுப் போடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்" என்றாள்.

நீ தலையை ஆட்டினாய். புதிதாகப் பேசுகிற இடத்தில் இதனால் ஏதாவது பிரச்சினை ஆகிவிடுமா என்று நான்தான் கேட்டேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு வந்தது.

"இப்பப் பாத்திருக்கறவருக்கு அது நின்னு போனத மொத நாளே சொல்லிட்டேங்க. அவங்க அம்மாவுக்கும் தெரியும். எங்க அப்பாதான் எல்லாத்தையும் மறச்சி வச்சிருக்கறதா நெனச்சிக்கிட்டு இருக்காரு. அவருகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தோம். இனிமே சொல்லிட வேண்டியதுதான்."

அவள் அம்மா டீ கொண்டுவந்தாள். அப்போதுதான் நீ உட்கார்ந்தாய். அந்தப் பெண், எந்தக் காலேஜ், என்ன சப்ஜெக்ட் என்று சாதாரணமாகப் பேச்சை மாற்றினாள். கணக்கு டீச்சர் அல்லவா, உன் புரோகிராம் எப்படித் தேடுகிறது என்று கேட்டாள். நீ அவள் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனாவையே வாங்கி ஒரு தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டாய். நானும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பும்போது உன் அப்பா பஸ் நிறுத்தத்தில் வறுத்த மல்லாட்டை வாங்கினார். மூன்று பேரும் கடலைத் தோலை உரித்து உரித்துத் தின்றுகொண்டே வந்தோம். இரண்டு நாளாக யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அதுபோல ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

அழிக்க வேண்டும் என்ற பேச்சு அதோடு நின்றது. நீ முதலில் செய்தது, பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மணமகள், மணமகளின் தாய், தாய்மாமன் என்று உறவையும் ஒரு எண்ணையும் மட்டும் வைப்பதற்கு இன்னொரு புரோகிராம். அப்புறம் ஒவ்வொரு விடுமுறையிலும் ஊர் ஊராகப் போனாய். உங்கள் வீட்டுப் பத்திரிகையைப் பேர் இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். சில இடங்களுக்கு நானும் வந்தேன். பேர் இல்லாமல் என்ன பத்திரிகை என்று சிரித்தவர்கள் உண்டு. பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்த ஒரு வீடு உண்டு. முடியாது என்று கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களுடையதை அன்றைக்கே எடுத்துவிட்டாய். பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சியது. இவ்வளவு குறைந்துவிட்டால் எப்படி என்று உன் புரொபசர் முகத்தைச் சுளித்தார் என்றாய். ஆனால் சொல்லும்போது உன் குரலில் பழைய பதற்றம் இல்லை. அதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

மீதிப் பாரத்தை இறக்கியவர் அந்தப் பெரியவர்தான். ஒருநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். பெண்ணுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார். நான் பேப்பரை எடுத்தேன். பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மனைவி பெயரைத்தான் முதலில் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அப்பிடியே போடுங்க. வேற மாதிரி போட்டா எம் பொண்ணு திருப்பி அனுப்பிடும்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா பெயரும் முன்னால் வர வேண்டுமாம், ஒரு பக்கம் அப்படியும் ஒரு பக்கம் இப்படியும் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். அந்தப் பத்திரிகையை நான் நாலு தடவை புரூஃப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடக் காலுக்கு ‘ர’ போடவில்லை. கல்யாணத்துக்கு நாம் மூவரும் போய் வந்தோம். மொய் எழுதுகிற இடத்தில் அந்தப் பெரியவர் உன்னை யாருக்கோ காட்டி, நம்ம பத்திரிகையை வைத்துப் படிக்கிற பெண் என்று சொன்னார். நீ அதைக் கேட்கவில்லை, பந்தியில் இருந்தாய்.

உன் வாய்மொழித் தேர்வுக்கு நானும் உன் அப்பாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர், இவ்வளவு சேகரித்துவிட்டு ஏன் இத்தனையை நீக்கினீர்கள் என்று கேட்டார். நீ மழுப்பவில்லை. செய்த தப்பை, போய் நின்றதை, அந்தப் பெண் சொன்னதை, பேர் சொல்லாமல் அப்படியே சொன்னாய். அவர் கொஞ்ச நேரம் உன் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, இதை ஒரு தனி இயலாகவே எழுதியிருக்கலாமே என்றார். எழுதியிருக்கிறேன் ஐயா, நாலாவது இயல் என்றாய். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான். உன் அப்பாவுக்கு நடந்ததில் பாதி புரியவில்லை. ஆனால் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

இப்போது சென்னையில் உனக்குக் கிடைத்திருக்கிற வேலையிலும் இதுதான் வேலை என்கிறாய். லட்சக்கணக்கான பக்கங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தேடுவதற்கு வசதி செய்ய வேண்டும். அங்கே யாரும் வயலிலிருந்து பஸ் பிடித்து வந்து உன் பெஞ்சில் உட்கார மாட்டார்கள். தாள்கள் மட்டும் வரும். ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் விரல் வைத்துப் புரூஃப் பார்த்திருப்பார் என்பதை மட்டும் மறக்காதே. நீ தப்பே செய்ய மாட்டாய் என்று நான் நினைக்கவில்லை, செய்வாய். செய்தால் போனில் பேசிச் சமாளிக்காதே, நேரில் போய் நில். கூட வர ஆள் வேண்டும் என்றால் இங்கே இரண்டு பேர் இருக்கிறோம். ஒரு தப்புக்காக மொத்த வேலையையும் தூக்கிப் போட்டுவிடாதே. அன்றைக்கு நான் சி.டி.க்களை ஒடித்திருந்தால் இன்று உனக்கு ரயில் டிக்கெட் எடுத்திருக்க மாட்டோம். திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் அடிக்கடி எழுந்து வெளியே நட. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு ஓடாதே. பி.எட். படித்திருந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாள் என்ற நினைப்பு எனக்கு இப்போதும் வருவது உண்டு. ஆனால் அது ஆசையாகத்தான் வருகிறது, கவலையாக வரவில்லை.

இவ்வளவையும் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்தார். வேப்பூரில் ஹைவே ஓரம் ஓட்டல் வைத்திருப்பவர். தாயார் இறந்து காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். உனக்கு எழுதிக்கொண்டிருந்ததைச் சேமித்து மூடிவிட்டு, அவருடையதை அடித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறது என்றார். நீ இல்லாமல் நானாகவே முதல்முறை கேட்டேன். இந்தத் தாளைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கலாமா, என் பெண் மாதிரி படிக்கிறவர்களுக்கு உதவும், பேரெல்லாம் எடுத்துவிடுவோம், வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் திரையைப் பார்த்தபடியே யோசித்தார்.

"பேர எடுத்துட்டா அப்பறம் அது எங்க அம்மான்னு எப்பிடித் தெரியும்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்.

"மத்தவங்க பேர எடுத்துடுங்க. எங்க பேரு போனா பரவால்ல. எங்க அம்மா பேரு மட்டும் இருக்கட்டும்."

இதற்கு உன் புரோகிராமில் என்ன வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயரை அப்படியே வைத்திருக்கிறேன்.

அம்மா